பக்கத்துக் கட்டத்துல யாரு?

நெட்டை: நேத்து ராத்திரி உன் போனை எங்க வச்சே?

சுருட்டை: தலகாணிக்கு அடியில. நீ?

நெட்டை: ஃப்ரிட்ஜ் மேல.

சுருட்டை: சத்தியமா?

நெட்டை: சத்தியமா. தண்ணி குடிக்க எந்திரிச்சப்பக்கூடத் தொடல. ஒரு மாசமா என் போன் தனியாத் தூங்குது. அதுக்கே என் மேல கோவம் வந்திருக்கும்.

சுருட்டை: மெதுவாப் பேசு... அக்கவுன்ட்ஸ் அக்கா அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்காங்க.

நெட்டை: அவங்க காதுல ஹெட்போன் மாட்டியிருக்காங்க.

சுருட்டை: அதுல பாட்டு ஓடினதே இல்ல. நம்ம பேச்சைக் கேக்கறதுக்குத்தான் மாட்டியிருக்காங்க. சிரிக்காத! சிரிச்சா நானும் சிரிச்சுருவேன்...

நெட்டை: சரி சரி. இந்தா, நம்ம ஆப்போட மேப்பைப் பாரு. இது நம்ம வீடு. இந்தக் கோடு நம்ம ஹாலை ரெண்டா அறுத்துக்கிட்டுப் போகுது. சமையலறை இந்தக் கட்டம், படுக்கையறை அந்தக் கட்டம். என் புள்ளி இங்க, உன் புள்ளி அங்க.

சுருட்டை: அப்ப தேடினா?

நெட்டை: தேடினேனே. “பக்கத்துல யாரும் இல்லை.”

சுருட்டை: ஒரே கூரைக்கு அடியில இருக்கற புருஷன் பொண்டாட்டியைப் பாத்து பக்கத்துல யாரும் இல்லைங்குது. நல்லா எழுதியிருக்கோம் போ.

நெட்டை: நாம எழுதினது நமக்கே உதவுது. சந்தோஷப்படு.

சுருட்டை: போனை அணைச்சு வச்சிருந்தா இந்தக் கூத்தே வேண்டாம்ல?

நெட்டை: அணைச்சா நம்ம பேர் சிவப்புல வரும். ஏன் அணைச்சேன்னு நம்ம மேனேஜர் ரூல்தடி கூப்பிட்டு விசாரிப்பாரு. “ராத்திரி ஆபீஸ் ஆளுங்க போன் எங்கே தூங்குதோ அதுதான் அவங்க வீடுன்னு வச்சு ஆப்பை டெஸ்ட் பண்றோம், உங்களுக்கு என்ன சங்கடம்?”

சுருட்டை: ஐயோ, அப்படியே அவர் குரல்! நிறுத்து, வயிறு வலிக்குது...

நெட்டை: எட்டு மாசம். கட்டின பொண்டாட்டியை ஆபீஸ்ல வாங்க போங்கன்னு கூப்பிட்டு எட்டு மாசம். தெரிஞ்சுதுன்னா ரெண்டுல ஒருத்தர் அந்தத் தூரத்துக் கிளைக்கு மூட்டை கட்டணும்.

சுருட்டை: ரயில் ஏறினா விடிய விடிய போற ஊரு. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஆபீஸ்ல இருக்கக் கூடாதுன்னு ஒரு ரூல்! அந்த ரூல்தடிக்குக் கல்யாணம் ஆகியிருந்தா இப்படி எழுதுவாரா?

நெட்டை: அவருக்கு யாருடி பொண்ணு குடுப்பா? பொண்ணு பாக்கப் போனா விண்ணப்பம் கேப்பாரு. மூணு பிரதியில.

சுருட்டை: வராங்க வராங்க... டீம் லீட் மேடம்! திரும்பு!

நெட்டை: ஆ... அதாவது, நீங்க சொல்றது ரொம்பச் சரி சிஸ்டர், அந்தக் கட்டத்தை நாம—

மேடம்: என்னப்பா, வந்ததும் வராததுமா அண்ணன் தங்கச்சி பாசம் பொங்குது?

சுருட்டை: எனக்கு அண்ணனெல்லாம் வேண்டாம் மேடம். வீட்டுலயே ரெண்டு இருக்கு.

நெட்டை: ச்சே, வாய்தவறி வந்துருச்சு மேடம்...

மேடம்: சரி, கிளையன்ட் வர இன்னும் அரைமணி நேரம் இருக்கு. அவருக்கு எப்படிச் சொல்லப் போறேன்னு ஒரு தடவை சொல்லிக்காட்டு. நான்தான் கிளையன்ட். எனக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

நெட்டை: வணக்கம் சார்.

மேடம்: சாரா?

நெட்டை: அவர் பெரிய மீசை வச்சிருப்பாரே மேடம். நான் அதை மனசுல வச்சுக்கிட்டு...

மேடம்: மீசையோட கேக்கறேன். சொல்லு.

நெட்டை: உங்க கம்பெனியில மூணு லட்சம் பேர் சார். ஷிப்ட் முடிஞ்சு ஒருத்தர் வீட்டுக்குக் கிளம்பறார். அவர் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற இன்னொருத்தரும் கிளம்பினா ரெண்டு பேரையும் ஒரே கார்ல ஏத்திவிடலாம். அந்த இன்னொருத்தர் யாருன்னு கண்டுபிடிக்கணும். பழைய முறையில என்ன பண்ணினோம்? அவர் வீட்டுலேருந்து மத்த மூணு லட்சம் வீட்டுக்கும் தூரம் அளந்தோம்.

மேடம்: அளந்தா என்ன? கம்ப்யூட்டர்தானே?

நெட்டை: ஒருத்தர் கேட்டா பரவால்ல சார். ஷிப்ட் முடிஞ்சா எல்லாரும் ஒரே நேரத்துல கேப்பாங்களே! மூணு லட்சம் பேருக்கும் மூணு லட்சம் தூரம். பாவம், மெஷின் மூச்சு வாங்கிச்சு.

சுருட்டை: அது பதில் சொல்றதுக்குள்ள ஆளு நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாரு சார்.

மேடம்: நல்லா இருக்கு, அதையும் சேத்துக்கோ. அப்புறம்?

நெட்டை: சாக்ஸ் தேடறீங்கன்னு வைங்க. வீடு பூராவும் கவுத்துக் கொட்டுவீங்களா?

மேடம்: எங்க வீட்டுல அப்படித்தான் கொட்டுவாரு... எங்கப்பா. மேல சொல்லு.

நெட்டை: கொட்ட வேண்டாம் சார். எந்த ரூம், எந்த பீரோ, எந்தத் தட்டு... அந்தத் தட்டுல மட்டும் கையை விட்டாப் போதும். அதே மாதிரி மேப்பை நாலு கட்டமா வெட்டினோம். ஒவ்வொண்ணையும் மறுபடி நாலா. அதை மறுபடி நாலா.

சுருட்டை: எல்லா எடத்துலயும் இல்ல சார். ஆளுங்க நெருக்கமா இருக்கற தெருவுல மட்டும் பொடிப்பொடியா வெட்டுவோம். ஏரி, பொட்டல்காடுன்னு ஆளே இல்லாத எடத்தைப் பெருசாவே விட்டுருவோம்.

நெட்டை: இப்ப ஒருத்தர் கேட்டா, அவர் எந்தக் கட்டம்னு பாப்போம். அந்தக் கட்டத்துல இருக்கற பத்து இருபது பேருக்கு மட்டும் தூரம் அளப்போம். முடிஞ்சுது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பதில்.

மேடம்: பிரமாதம். இப்ப கிளையன்ட்டோட கேள்வி. என் டிரைவர் வீட்டுக்கும் அவர் மச்சான் வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். ரெண்டு பேருமே நம்ம கம்பெனி. டிரைவரைப் போட்டுத் தேடினா “பக்கத்துல யாரும் இல்லை”ன்னு வருது. மச்சான் எங்கப்பா போனாரு? ஏன் ரெண்டு பேருக்கும் முகம் செத்துப்போச்சு?

நெட்டை: இது ஒத்திகைக்காக நீங்களே யோசிச்ச கேள்வியா மேடம்?

மேடம்: காலையில அவர் நிஜமா அனுப்பின மெசேஜ். “மச்சானையே கண்டுபிடிக்கத் தெரியாத ஆப் எனக்கு எதுக்கு”ன்னு முடிச்சிருக்காரு.

சுருட்டை: அந்தச் சுவர்லதான் கட்டத்தோட கோடு போகுது போல மேடம். டிரைவர் ஒரு கட்டம், மச்சான் அடுத்த கட்டம்.

மேடம்: அதுக்கு என்ன பண்ணலாம்?

நெட்டை: கோட்டைக் கொஞ்சம் நகத்திரலாம் மேடம்! இப்படி அரை வீடு தள்ளினா—

சுருட்டை: நகத்தினா வேற யாரோட வீடாவது மாட்டும் சார். கோட்டை எங்க போட்டாலும் அது எந்தச் சுவரு மேலயாவது விழத்தானே செய்யும்?

நெட்டை: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சிஸ்டர்...

சுருட்டை: இன்னொரு தடவை சிஸ்டர்னு சொன்னா... மேடம், இவரைப் பாருங்க மேடம்!

மேடம்: டிரைவர், மச்சான் ரெண்டு பேரை மட்டும் கையால சேத்து வச்சுட்டா? தற்காலிகமா...

நெட்டை: மேடம், நீங்களா இதைச் சொல்றது? ஒட்டுப்போட்ட வேலையைக் கண்டா கீபோர்டைத் தூக்கி எறிவீங்களே!

மேடம்: சும்மா கேட்டேன்ப்பா. ஏன், கேக்கக் கூடாதா?

சுருட்டை: சரியான வழி ஒண்ணுதான் மேடம். ஆளு இருக்கற கட்டத்தோட நிக்காம, அதைச் சுத்தி இருக்கற எட்டுக் கட்டத்தையும் எட்டிப் பாக்கணும். அதுக்கு ப்ரோக்ராம்ல ஒரு லைன் முதல்லேருந்தே எழுதி வச்சிருக்கோம்.

மேடம்: எழுதி வச்சிருந்தா ஏன் பாக்க மாட்டேங்குது?

சுருட்டை: அந்த லைனை... யாரோ வேலை செய்யாதபடி மூடி வச்சிருக்காங்க.

மேடம்: யாராம்?

நெட்டை: நான்தான் மேடம்.

சுருட்டை: நான்தான் மேடம்.

மேடம்: என்னது?

நெட்டை: இவங்க சும்மா சொல்றாங்க மேடம். நான்தான் மூடினேன். வேகம் குறையுதேன்னு...

சுருட்டை: இல்ல மேடம், இவருக்கு அந்த லைன் எங்க இருக்குன்னே தெரியாது. நான்தான்.

நெட்டை: எனக்கா தெரியாது? எழுதினதே நான்!

சுருட்டை: எழுதினது நீ, மூடினது நான்! ... நீங்க. எழுதினது நீங்க சார்.

மேடம்: ஒரு லைனை ரெண்டு பேர் மூடினீங்களா? நிஜமாவா? நீங்க ரெண்டு பேருமா?

நெட்டை: பொது லாகின்ல போட்டதால பேர் தெரியாது மேடம். ஆனா நான்தான்.

மேடம்: எனக்குத் தண்ணி வேணும். குடிச்சுட்டு வரேன். நீங்க இங்கயே இருங்க. எதையும் தொடாதீங்க.

சுருட்டை: ...போயிட்டாங்களா?

நெட்டை: போயிட்டாங்க. லூசாடி நீ? எதுக்குப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கற?

சுருட்டை: பின்ன உன்னை மாட்டிவிடச் சொல்றியா? எனக்காகத்தானே பண்ணினே!

நெட்டை: என்ன பண்ணினேன்?

சுருட்டை: அந்த லைனை மூடினேல்ல. நான் எப்பவோ பாத்துட்டேன்டா. பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். என் புருஷன் என்னைப் பிரிய மனசில்லாம தப்புத்தண்டா பண்றானேன்னு அழுகையே வந்துருச்சு. கேட்டா உனக்குக் கூச்சமா இருக்கும்னு கேக்கல.

நெட்டை: நான் மூடலையே!

சுருட்டை: என்ன?

நெட்டை: நீ மூடினேன்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன்! எனக்காக இவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கா, பாவம், ஒரு வார்த்தை சொல்லிக்காட்டலையேன்னு நான் உருகி...

சுருட்டை: இரு. அதுக்குத்தான் போன மாசத்துலேருந்து பாத்திரம் கழுவறியா?

நெட்டை: ஆமா!

சுருட்டை: நான் அதுக்குத்தான்டா தினம் உன் சட்டையை இஸ்திரி போடறேன்!

நெட்டை: அப்ப... ரெண்டு பேருமே தெரியாத ஒருத்தருக்கு நன்றிக்கடன் தீத்துக்கிட்டிருந்தோமா?

சுருட்டை: ஐயோ சிரிக்க வைக்காத... அக்கவுன்ட்ஸ் அக்கா திரும்பிப் பாக்கறாங்க... ஒண்ணுமில்லக்கா! ஜோக்கு! ஆபீஸ் ஜோக்கு!

நெட்டை: அப்ப மூடினது யாரு?

சுருட்டை: பேயா இருக்கும்.

நெட்டை: பேய்க்கு எதுக்குடி எட்டுக் கட்டம்? விளையாடாத. இப்ப என்ன பண்றது? கிளையன்ட் நம்ம ஆபீஸ் ஆளுங்க புள்ளியை வச்சுத்தான் ஓட்டிக்காட்டச் சொல்லப் போறாரு. “உங்க ஆளுங்களை உங்களுக்கே தெரியும், பொய் காட்ட முடியாது”ன்னு போன வாரமே சொல்லிட்டாரு. லைனைத் திறந்தா பெரிய திரையில நாம ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு நிப்போம். பக்கத்துலயே ரூல்தடி உக்காந்திருப்பாரு.

சுருட்டை: திறக்கலன்னா?

நெட்டை: கையெழுத்துப் போட மாட்டாரு. இந்த வேலையே கைவிட்டுப் போயிரும். ஆனா நாம சேந்து இருப்போம். என்ன யோசிக்கற? நீ யோசிச்சாலே எனக்குப் பயமா இருக்கு.

சுருட்டை: அந்த டிரைவர் மச்சானை விடு. ஆம்பளை, எப்படியோ போயிருவாரு. ஷிப்ட் முடிஞ்சு வெளிய வர ஒரு பொண்ணு... பக்கத்துல யாரும் இல்லைன்னு நம்ம ஆப் சொல்லுது. தெருவுல தனியா வண்டி தேடி நிக்கறா. அதே நேரம் அவ வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி காலி கார்ல போறா. நடுவுல ஒரு கோடு. நாம போட்ட கோடு.

நெட்டை: ம்.

சுருட்டை: நாமதான் மூடலையே தவிர, பாத்துட்டு சும்மா இருந்தோம்ல? எனக்கு அது மனசுல குத்திக்கிட்டே இருந்துச்சு. உனக்காகன்னு நினைச்சுத் தாங்கிக்கிட்டேன். இப்ப அதுவும் இல்ல.

நெட்டை: திறக்கணுங்கறே.

சுருட்டை: திறக்கலாம்டா. போனாப் போறேன் அந்தக் கிளைக்கு. வாரத்துக்கு ஒரு தடவை ரயில் ஏறி வரேன். அழுதுக்கிட்டே வரேன், ஆனா வரேன்.

நெட்டை: நீ ஏன் போகணும்? நான் போறேன். எனக்குத்தான் ரயில்ல தூக்கம் வரும்.

சுருட்டை: பெர்த்துக்கு வெளிய உன் காலு முழங்கால் வரைக்கும் நீட்டிக்கிட்டு இருக்கும். போற வர்றவன் எல்லாம் இடிப்பான். நான்தான் போறேன்.

நெட்டை: நீ இல்லாத வீட்டுல நான் என்னடி பண்ணுவேன்? ஃப்ரிட்ஜ்கூடயா பேசிக்கிட்டிருப்பேன்? எனக்கு நீ ஏழு அடி தள்ளி உக்காந்தாலே பிடிக்காது. எட்டு மாசமா இந்த நாற்காலிலேருந்து அந்த நாற்காலியைப் பாத்துப் பாத்து ஏங்கிக்கிட்டிருக்கேன்...

சுருட்டை: ஏய், கண்ணைத் துடை. மேடம் வராங்க.

நெட்டை: வரட்டும். திறந்துட்டேன். இதோ, லைன் திறந்தாச்சு.

மேடம்: எதையும் தொடாதீங்கன்னுதானே சொல்லிட்டுப் போனேன்?

நெட்டை: மேடம், உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்.

மேடம்: நின்னுக்கறேன். சொல்லு.

நெட்டை: அந்த லைனை நாங்க ரெண்டு பேருமே மூடல. ஆனா மூடியிருக்குன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கல. ஏன்னா... நாங்க...

சுருட்டை: கல்யாணம் பண்ணிக்கிட்டோம் மேடம்.

நெட்டை: நான் சொல்ல வந்தேன்ல!

சுருட்டை: நீ சொல்றதுக்குள்ள கிளையன்ட் வந்து, கையெழுத்துப் போட்டு, சாப்பிட்டுட்டே போயிருவாரு.

நெட்டை: எட்டு மாசம் ஆச்சு மேடம். ரெண்டு வீட்டுக்கும் தெரியும். ஆபீஸுக்கு மட்டும்தான் தெரியாது.

மேடம்: எனக்குத் தெரியும்.

சுருட்டை: ஆ?

மேடம்: ரெண்டு பேர் டிபன் பாக்ஸுலயும் தினமும் ஒரே மாதிரி அடிப்பிடிச்ச சோறு. ஒரே வீட்டுச் சட்டிதான் அப்படிக் கருகும்.

நெட்டை: நான் அப்பவே சொன்னேன், அடுப்பைக் குறைச்சு வைன்னு!

சுருட்டை: சமைச்சது நீடா!

மேடம்: போதும் போதும். ஆக, உங்களுக்குத் தெரிஞ்சே இதைத் திறந்திருக்கீங்க. திரையில வந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சே.

சுருட்டை: தெரிஞ்சேதான் மேடம். வேலையை விடணும்னாக்கூட விடறோம். ஆனா வழியில ஒரு பொண்ணு தனியா நிக்கறதுக்கு நாங்க காரணமா இருக்க மாட்டோம்.

நெட்டை: திட்டறதா இருந்தா திட்டிருங்க மேடம்.

மேடம்: திட்டறதா? உன்னையா? சின்னப் பசங்கப்பா நீங்க. உங்களுக்கு இருக்கற தைரியம் எனக்கு... சரி விடு. மீட்டிங் ரூம்ல ஓட்டறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்ல?

நெட்டை: பாக்கணும் மேடம். எங்க பேரை வச்சே பாத்துருவோம். என்னைச் சுத்தி அம்பது மீட்டர்.

மேடம்: அம்பதா? பத்துப் போதாதா?

சுருட்டை: கிளையன்ட் கேட்டது அம்பது மேடம்.

மேடம்: ஆமா. அவர் அம்பதுதான் கேட்டாரு. ... தள்ளு. நானே அமுக்கறேன்.

நெட்டை: மேடம், அது தப்பான பட்டன், நீங்க ஏன் பதறறீங்க? வேலை போறது எங்களுக்கு!

மேடம்: பேசாம திரையைப் பாரு.

நெட்டை: வந்துருச்சு! எவ்வளவு வேகம் பாரு, எட்டுக் கட்டம் கூடப் பாத்தும் ஒரு துளி தாமதம் இல்ல! முதல் பேர்... நம்ம சுருட்டை. ஏழு மீட்டர்.

சுருட்டை: ஃப்ரிட்ஜுக்கும் தலகாணிக்கும் நடுவுல ஏழு மீட்டரா! நம்ம வீடு அவ்வளவு பெருசாடா? வாடகை அதனாலதான் கொள்ளை போல.

நெட்டை: இரு இரு. கீழ இன்னொரு பேர் இருக்கு.

சுருட்டை: நம்ம தெருவுல ஆபீஸ் ஆளு வேற யாரு?

நெட்டை: பதினாறு மீட்டர்... மேடம். உங்க பேர் மேடம்!

சுருட்டை: போச்சு! லைனைத் திறந்ததும் கணக்கு தப்பாயிருச்சு. மேடம் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம்ல?

நெட்டை: அதுக்கும் கீழ ஒண்ணு. பத்தொம்பது மீட்டர்.

சுருட்டை: யாரு?

நெட்டை: ரூல்தடி.

சுருட்டை: முடிஞ்சுது. ஆப் சுத்தமாக் கெட்டுப்போச்சு. கிளையன்ட் லிஃப்ட்ல ஏறியிருப்பாரு, நம்ம ஆப் பைத்தியம் பிடிச்சு நிக்குது! மேப்பைப் பெருசாக்கு, பாப்போம்.

நெட்டை: பெருசாக்கறேன். இது நம்ம வீடு. இது நம்ம பின்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த தெருவைப் பாத்த ஒரு வீடு. அந்த வீட்டுக்குள்ள ரெண்டு புள்ளி.

சுருட்டை: ஏய், கோட்டைப் பாரு! நாலு கட்டமும் நம்ம பின்சுவர்ல வந்து முட்டுது. கட்டத்துக்கு ஒரு புள்ளி. நம்மது ரெண்டு, அவங்களது ரெண்டு. அந்த லைன் மூடியிருந்தா நாலு பேர்ல ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியவே மாட்டோம்!

நெட்டை: அவங்களும் போனை ஒருத்தர் இந்தப் பக்க ரூம்லயும் ஒருத்தர் அந்தப் பக்க ரூம்லயும்... நம்மள மாதிரியே...

சுருட்டை: மேடம், கணக்குத் தப்பு இல்லையா?

மேடம்: தப்பு இல்ல. ரொம்பச் சரியா இருக்கு.

நெட்டை: அப்ப நீங்களும்... அவரும்... ரூல்தடியா மேடம்?!

மேடம்: என் எதிர்லயாவது அவரை அப்படிக் கூப்பிடாத. வீட்டுல ரொம்ப நல்ல மனுஷன்.

சுருட்டை: ஐயோ மேடம்! நான் என்னென்னமோ பேசியிருக்கேனே அவரைப் பத்தி... இவன் அவர் குரல்ல பேசிக்காட்டி நான் உருண்டு உருண்டு சிரிச்சு...

மேடம்: தெரியும். நீ சிரிச்சா எங்க பின்ரூம் ஜன்னல் வரைக்கும் கேக்கும். யாரோ சந்தோஷமா இருக்காங்கன்னு அவரும் சிரிப்பாரு.

நெட்டை: மேடம், அவரும் கிளையன்ட்டும் வராங்க, கண்ணாடிக் கதவு வழியாத் தெரியுது. லைனை மறுபடியும் மூடிரட்டுமா? இப்பவே சொல்லுங்க!

மேடம்: கையை எடு. திறந்தே இருக்கட்டும். மூடினதே நான்தான். டிபன் பாக்ஸெல்லாம் சும்மா. போன மாசம் தனியா ஓட்டிப் பாத்தேன், நாலு பேரும் கூட்டமா வந்து நின்னோம், பயத்துல மூடிட்டேன். உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க, எங்களுக்காகத்தான். வரட்டும், பெரிய திரையில அவரும் பாக்கட்டும். கிளை மாத்தறதா இருந்தா முதல்ல என்னை மாத்தட்டும், இல்லன்னா அந்த ரூலை அவர் கையாலயே கிழிச்சுப் போடட்டும். ஏன்னா அதை எப்ப எழுதினாருன்னு தெரியுமா? எங்களுக்குக் கல்யாணம் ஆன மறுநாள். “இப்படி ஒரு ரூல் போட்டவனையே யாராவது சந்தேகப்படுவாங்களா?”ன்னாரு.